மாலை போட்ட ஆன்டெனா

மனித குலம் இன்று கம்பியின் பிடியிலிருந்து விடுதலை பெறுகிறது என்று துணைவேந்தர் முழங்கும்போதே மைக் ஒயர் அவர் காலில் சிக்குகிறது. வளாகம் முழுக்க வைஃபை பொருத்திய விஜிக்கு வேறு கவலை: பூசை போட்டவர்கள் நூலக மாடியில் ஆன்டெனாவையே ஈரச் சாமந்தி மாலையால் மூடிவிட்டார்கள்; விழா நடக்கும் மரத்தடி மேசைக்கு சிக்னல் எட்டுமா? மேசைமேல் இருக்கும் மடிக்கணினித் திரையில் ஒரு இணையப் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல விரிகிறது. கூட்டம் மேசையை நெருங்கி எட்டிப் பார்க்கிறது. இலைகளின் வழியே இறங்கும் பெங்களூரின் இளவெயிலை விஜி அண்ணாந்து பார்க்கிறாள். அதே வழியாகத்தான், சத்தமே இல்லாமல், இந்தப் பக்கமும் வந்திருக்கிறது. "எங்கிருந்தும்மா வருது?" துணைவேந்தரின் குரல் இறங்கிவிட்டது. "காத்துலதான் சார். ஸ்வல்ப... கொஞ்சம் உங்க மெயில் ஓப்பன் பண்ணிப் பாருங்க." துணைவேந்தர் விசைகளின் மேல் விரலை வைத்தபடியே இருக்கிறார். பாஸ்வேர்டு அவருடைய பி.ஏ. ரத்தினம்மாளுக்குத்தான் தெரியும், அந்தம்மா இன்று லீவு.