திங்கட்கிழமை வயிற்றுவலி

நன்றாகப் படிப்பவர்களுக்கான சிறப்புப் பிரிவிலிருந்து என் மகளைச் சாதாரணப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டதும், கணக்கு ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

“கெட்டிக்காரப் பொண்ணும்மா. எதுக்கு இறக்கணும்?”

“திங்கட்கிழமை ஆனா வயித்துவலிங்கிறா சார்.”

“டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பாரே?”

“ஆமா.”

“நகம் கடிக்கிறாளா?”

“கடிக்க இனி நகமே இல்ல சார்.”

அவர் சிரிக்கவில்லை. “தூக்கத்துல சூத்திரம் சொல்றாளா?” என்றார் மெதுவாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சார், போலீஸ் மாதிரி துருவுறீங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்? சொல்றா. நேத்து ஒரு மார்க் போச்சுன்னு விடிய விடிய அழுதா. போதுமா?”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“புத்தகத்தை மூடிட்டு என் பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டேன்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பிரிவு மாற்றப் படிவங்களை எடுத்தார்.

“எனக்கு ஒரே பொண்ணுதான் சார். ஒண்ணு போதும்.”

ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றதில், தந்தை பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்:

“என் பையனும் அப்படித்தாம்மா அழுதான். நான் அடிச்சேன்.”