தோளில் போன சைக்கிள்

காலை நெரிசலில் தினமும் ஒரு மோட்டார் பைக், முன்னால் போகும் சைக்கிளைப் பார்த்து ஹாரன் அடிக்கும். "ஓரமாப் போயேன், சனியனே!"

சைக்கிள் ஒதுங்கும். "உன் வேகம் எனக்கு வராதுப்பா" என்று ஏங்கும்.

ஒருநாள் பெருமழை. சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். பைக் நடுவிலேயே நின்றுபோனது. சைக்கிள்காரர் ஏகாம்பரமோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"உன்னைத் தூக்கக்கூடச் செய்வாரா?" என்று பைக் கேட்டது.

"தண்ணி தேங்கினா தூக்குவார்" என்றது சைக்கிள்.

பைக்கின் ஆள் அதை மேட்டுக்குத் தள்ளிவந்து ஓங்கி உதைத்தான். மறுபடி உதைத்தான். மூன்றாவது உதையில் பைக்கால் கிளம்பியிருக்க முடியும். ஆனால் தூரத்தில் தோளில் ஆடிக்கொண்டே போகும் சைக்கிளைப் பார்த்தபடி, கிளம்பாமலே நின்றது.