இடது கை வந்துசேரும் நேரம்

மறுபடியும் பிந்திவிட்டது.

ஸ்டூடியோவில் அவள் முன்னால் இருந்த திரையில் தாளத்துக்கான கோடு ஓரிடத்தில் நின்றது. அருமைநாயகம் சார் வாசித்த கீபோர்டின் ஒலியலை அதைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி எழும்பியது.

கொஞ்சம்தான். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் இசையமைப்பாளரின் காதுக்கு அது போதும். புதன்கிழமை கேட்டுவிட்டு முகம் சுளித்துப் போனவர் இன்று மூன்று மணிக்கு வருகிறார். இன்றும் சரியாக வராவிட்டால் சார் வேண்டாம், சாஃப்ட்வேரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த சாஃப்ட்வேர் அவள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. சாருடைய பழைய சிந்தசைசர் கீபோர்டை அப்படியே நகலெடுத்தது. குமிழ்கள்கூட அதே நிறம். ஒரு சொடுக்கில் திறக்கும். அதற்குப் பக்கவாதமெல்லாம் வராது.

அவள் அதைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தன் சிந்தசைசர் பெட்டிமேல் துணி போர்த்திக்கொண்டிருந்தார். ஒரு கையால். மார்ச்சில் விழுந்த இடது கை இப்போதுதான் பாதி திரும்பியிருக்கிறது.

பெட்டிக்கு நாற்பது வயது. ஸ்விட்ச் போட்டால் சுருதி நிலைக்க அரைமணி நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டரோடு பேசத் தெரியாது. வெறும் ஒலிதான் வரும். அந்த ஒலியில் இரண்டு கைகளும் கலந்து பதிந்திருந்தன, பிரிக்க வழியில்லை. வெட்டி முன்னால் தள்ளினால் நீண்டு நிற்கும் சுரம் அறுந்துபோகும்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள்.

இடது கை மட்டும் பிந்துகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

இல்லை. இரண்டும் பிந்தின. நன்றாக இருக்கிற வலது கை, இடது கை வந்துசேரும்வரை காத்திருந்து, அதோடு சேர்ந்து இறங்கியது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சவுண்ட் இன்ஜினியராக அவள் தனியாக உட்கார்ந்த முதல் நாள். வேறு ஸ்டூடியோ. வேறு இசையமைப்பாளர், பொல்லாத கோபக்காரர். அருமைநாயகம் சார் நாலு நிமிஷம் வாசித்தார். ஒரு பிசிறு இல்லை. முடிந்த பிறகுதான் பார்த்தாள். ரெக்கார்ட் பொத்தானை அவள் அழுத்தவே இல்லை.

இந்த இடத்தில் பெண்பிள்ளையை எதற்கு உட்கார வைத்தீர்கள் என்று காலையிலேயே ஒருத்தர் கேட்டிருந்தார். அன்றோடு போயிருக்க வேண்டிய வேலை.

அவள் வாயைத் திறப்பதற்குள் மைக்கில் அருமைநாயகம் சாரின் குரல் வந்தது.

“சார், நடுவுல ஒரு எடத்துல சொதப்பிட்டேன். இன்னொரு தடவ வாசிச்சிரட்டுமா?”

அவ்வளவுதான்.

தெரிந்துதான் சொன்னாரா, இல்லை தற்செயலா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் முடியவில்லை. எதுக்கும்மா என்று கேட்டால் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே.

மணி பதினொன்று.

அவருடைய ஒலியை அவள் தொடவில்லை. மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டவை, சொன்ன இடத்துக்கு நகரும். தாளத்தின் முதல் அடியில் டிரம்ஸை எடுத்து, அவர் கை விழுந்த இடத்தில் வைத்தாள். பிறகு பேஸ் கிட்டார். பிறகு வயலின்கள்.

அடுத்த அடி.

ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு பிந்தியிருந்தார். சில இடங்களில் நிறைய. சில இடங்களில், பாவம், ரொம்பச் சிரமப்பட்டுக் கோட்டுக்குக் கிட்டத்தில் வந்திருந்தார்.

நூற்றிருபத்தெட்டு அடிகள். சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு இசையமைப்பாளர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அருமைநாயகம் சார் ஓரத்து நாற்காலியில், இடது கையை வலது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு நடந்தது. யாரும் யாருக்கும் பிந்தவில்லை.

“நல்லா வந்திருக்கே. அப்ப புதன்கெழம என்ன ஆச்சு?”

“நான்தான் சார் சொதப்பிட்டேன். டிரம்ஸ எடம் மாத்திப் போட்டுட்டேன்.”

இசையமைப்பாளர் அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு, சார் இருந்தால் அடுத்த பாட்டையும் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

அருமைநாயகம் சார் அவளையே பார்த்தார். எழுந்து உள்ளே போனார். துணியை எடுத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

பெட்டி சூடாகும்வரை இரண்டு பேரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அந்த அரைமணி நேரம் பிடித்திருந்தது.

பிறகு மைக்கில் அவர் குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல்.

“இந்தத் தடவ ரெக்கார்டு போட்டாச்சாம்மா?”