முப்பத்தாறு கிலோ மூட்டை

“முப்பத்தாறு கிலோதான் இருக்கணும் மாஸ்டர். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

எடை மெஷினில் இருந்த மணல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்து வெளியே போட்டாள் அந்த அம்மாள். ஜிம் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. ‘நேரமே இல்லை சார்’ என்று வருகிறவர்களைப் பேசிப் பேசியே ஓட வைப்பவர். சுவரில் ‘சாக்குச் சொல்லாதே’ என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். அவர் பேச்சுக்குக் கரைந்த தொப்பைகள் ஏராளம். இந்த அம்மாளிடம் மட்டும் ஒன்றும் எடுபடவில்லை.

இரண்டு வருஷமாக வருகிறாள். ஒரு மெஷினைத் தொட்டதில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜிம்மின் மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்குவாள். நடுவில் நிற்க மாட்டாள். முடிந்ததும் தொப்பென்று போடாமல், முழங்காலை மடக்கிப் பதமாகக் கீழே வைப்பாள். மணலுக்கு இவ்வளவு மரியாதையா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ‘மூட்டைக்காரி’ என்று பெயரும் வைத்தாயிற்று.

“அக்கா, உங்ககூட சேர்ந்தவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. நீங்க இருபத்தெட்டுல ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துல எட்டே எட்டு கிலோ ஏத்தியிருக்கீங்க. மனசு வைக்கணும்க்கா! ஊக்கம் உள்ளேர்ந்து வரணும்!”

“சரிங்க மாஸ்டர்.”

“என்ன சரி? படியில இடைஞ்சலா இருக்குன்னு ஆளாளுக்குப் புகார் வேற. நாளையிலேர்ந்து நான் சொல்ற பயிற்சியைச் செய்யறதா இருந்தா வாங்க. மூட்டை கிடையாது.”

அவள் முகம் வெளிறிவிட்டது.

“மாஸ்டர், அதை மட்டும் நிறுத்திடாதீங்க. எனக்கு இங்க வேற எதுவுமே வேண்டாம்.”

“அப்படி என்னக்கா இருக்கு அந்த மூட்டையில?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூணேகால்.

“ஐயோ, வேன் வந்துடும்!”

பறந்துவிட்டாள். வீட்டுச் சாவி பெஞ்சிலேயே கிடந்தது.

“இதுக்கும் நான்தான் அலையணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே மாஸ்டர் ரிஜிஸ்டரில் முகவரியைப் பார்த்துவிட்டுச் சாவியோடு கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் வீடு.

வாசலில் ஒரு பள்ளி வேன் நின்றிருந்தது. அவள் அதற்குள் குனிந்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவனுடைய கால்கள் இரண்டும் துவண்டு தொங்கின. புத்தகப் பையை மறு தோளில் மாட்டிக்கொண்டு படியேற ஆரம்பித்தாள்.

கூப்பிடத்தான் நினைத்தார் மாஸ்டர். ஆனால் சத்தமில்லாமல் பின்னால் ஏறினார்.

முதல் மாடி. அவள் நிற்கவில்லை. இரண்டாவது மாடி. அங்கேயும் நிற்கவில்லை. பையன் வகுப்பில் நடந்த கூத்தை எல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் கலகலவென்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அந்தச் சிரிப்பில்தான் மாஸ்டர் ஆடிப்போனார். முப்பத்தாறு கிலோவைச் சுமந்து மூன்று மாடி ஏறுகிறவளுக்குச் சிரிக்கவும் மூச்சு மிச்சமிருக்கிறது! பதினைந்து வருஷமாக எத்தனையோ பலசாலிகளைத் தயார் செய்தவர் அவர். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

மேலே கதவோரம் சக்கர நாற்காலி இருந்தது. அவள் முழங்காலை மடக்கி, பையனைப் பதமாக அதில் உட்கார வைத்தாள். மூட்டையை வைக்கிற அதே பதம்.

பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அம்மா… இன்னிக்கு ஸ்கூல்ல எடை பார்த்தாங்க. ஒண்ணரை கிலோ ஏறிட்டேன்மா. ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கட்டுமா?”

“உதை வாங்குவே! நீ நல்லா சாப்பிட்டு வளருடா ராஜா. நீ எவ்வளவு ஏறினாலும் அம்மா மாஸ்டர்கிட்ட சொல்லி மூட்டையில…”

பாதியில் நிறுத்தினாள். நாளையிலிருந்து மூட்டை இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது.

படியிலிருந்து ஒரு கை சாவியை நீட்டியது.

“முப்பத்தேழரை கிலோ மூட்டை நாளைக்குத் தயாரா இருக்கும்க்கா. படியில எவன் குறுக்கே வர்றான்னு நான் பார்த்துக்கறேன்.”