பெரிய வெள்ளியில் ஒரு கௌபோய் படம்

"மனுசன் கமெராவைக் கண்டுபிடிச்ச நாள் தொடக்கம் இண்டுவரைக்கும் எடுத்த படங்களில ஆகக் கேவலமானது இதுதான். முழுப் பொறுப்போட சொல்லுறன்."

றஜிந்தன் இப்படி அறிவித்தபோது அவன் வாயோரத்தில் ஒரு பல்லுக்குச்சி ஆடிக்கொண்டிருந்தது. மடிக்கணினித் திரையில் நின்ற ஷெரிப்பின் வாயிலும் அதே மாதிரி ஒன்று. படத்தைத் திட்டிக்கொண்டே அண்ணன் ஷெரிப்பாக நடிக்கிறான் என்று ஜெயனி நினைத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளியில் அந்த வீட்டில் படம் ஓடக்கூடாது. இது கல்லூரிச் சினிமா வகுப்பின் வீட்டுவேலை, செவ்வாய்க்கிழமை கட்டுரை கொடுக்கவேண்டும் என்று அவன் அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தான். எண்பது வருடத்துக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படம். ஹொலிவூட்டில் ஒரு கிழமைக்குள் சுருட்டி எடுத்திருந்தார்கள். கௌபோய்களுக்குள் ஒரு கொலை, கொலைகாரன் ஆர் என்பது மர்மம்.

"இதைப் பாக்கிறதே ஒரு தவமம்மா," என்றிருந்தான். அம்மா இமெல்டாவும் நம்பி, சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஜெயனியின் தவம் வேறு. தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் தொடாமல், பெரிய வெள்ளியன்று ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தியும் பிடித்தால், வகுப்போடு கியூபெக் சிட்டிக்குச் சுற்றுலா போகக் கையெழுத்து வைப்பதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். முப்பத்தொன்பது நாட்கள் ஓடிவிட்டன. அனுமதித் தாள் குசினியில் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

"பார், பார்! அதே பாறை. அஞ்சாம் தரம் குதிரை அதைச் சுத்துது," என்று றஜிந்தன் மூக்கைச் சுளித்தான். "கொலைகாரன் மூஞ்சையில ஒரு லேஞ்சித் துணி கட்டியிருக்கிறான், அவ்வளவுதான். கூடப் பிறந்தவனுக்கே ஆளைத் தெரியேல்லையாம். அரியண்டம்!"

"பேந்து ஏன் பாக்கிறாய்?"

"அருவருப்பையும் படிக்கோணுமடி."

திரையில் ஷெரிப் எல்லாரையும் சாராயக்கடைக்குள் கூட்டி, கிழவனைக் கொன்றது ஆர் என்று கேட்டான். பண்ணைக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, பாவம் அந்த மனிதர், முதுகில் சுடுகிறவன் மனிதனே இல்லை என்று உருகினான்.

றஜிந்தன் படத்தை நிறுத்தினான்.

"கேட்டியே? முதுகில சுட்டதெண்டு ஷெரிப் சொல்லவேயில்லை! ஒருத்தரும் கேக்காமல் தானே வாயைக் குடுக்கிறான். உலகத்தில எந்த மொக்கனாவது இப்பிடி மாட்டுப்படுவானே?"

"பிறகு?"

"பிறகென்ன. முதலே ஒருக்காப் பாத்திட்டன். ஓடவும் இல்லை, சுடவும் இல்லை. ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு மாடு மாதிரி நிக்கிறான். எனக்குக் குமட்டிச் சத்தி வருது."

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்த இமெல்டா, கஞ்சியைச் சூடாக்க எடுக்கவென்று நேரே போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ஆர் இந்த ரோல்ஸ் பெட்டியில கை வைச்சது? அஞ்சைக் காணேல்லை."

உயிர்த்த ஞாயிறுக்கென்று அவள் நேற்றே உள்ளே கறி வைத்து உருட்டிப் பொரித்து அடுக்கிய பெட்டி அது. மூடியில் கறுப்பு மையால் "மரக்கறி" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் எழுதிய எதையும் இந்த வீட்டில் ஒருவரும் ஆசைப்பட்டுத் தொட்டதில்லையே என்று ஜெயனி அதிசயப்பட்டாள்.

அப்பா விடியவே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர்.

"அவன் காலமை தொடக்கம் வகுப்பு வேலையோட இருக்கிறான்," என்றாள் இமெல்டா. "நீதானே குசினிக்கும் அறைக்கும் நடந்தனி?"

"தண்ணி குடிக்கப் போனனான் அம்மா. சத்தியமா நான் தொடேல்லை."

"இண்டைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுக்க ஏலாமப் போச்சு. அதுக்குள்ள சத்தியம் வேற."

இமெல்டா மேசையில் கிடந்த அனுமதித் தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். ஜெயனியின் கண் நிரம்பிவிட்டது.

றஜிந்தன் எழும்பி வந்தான். முகத்தில் அப்படியொரு கவலை. தொப்பி இருந்திருந்தால் கழற்றி நெஞ்சில் வைத்திருப்பான்.

"விடுங்கோ அம்மா, சின்னப்பிள்ளை. பெரிய வெள்ளியில ஆட்டிறைச்சி தின்னுறது எவ்வளவு பெரிய பாவமெண்டு அவளுக்கு விளங்காது."

"ஆட்டிறைச்சியோ?" ஜெயனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியின் மூடியைப் பார்த்தாள். "மரக்கறி எண்டெல்லோ கிடக்கு?"

இமெல்டா மூடியைப் பார்க்கவில்லை. மகனின் வாயோரத்துப் பல்லுக்குச்சியைத்தான் பார்த்தாள்.

"ஒருத்தரும் கை வைக்கக்கூடாதெண்டுதான் அப்பிடி எழுதினனான். உள்ளுக்க ஆடெண்டு உருட்டின எனக்குத் தெரியும். திண்ட ஆளுக்குத் தெரியும்."

மடித்த தாளை விரித்து மேசையில் வைத்துக் கையால் நீவினாள்.

"ஜெயனி, பேனையைக் கொண்டா."

றஜிந்தன் வாயிலிருந்த குச்சியை எடுத்தான். ஓடவில்லை. இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கினான்.