இடது மூலை

முழங்கை வரை கை தண்ணீருக்குள் இருந்தது.

கொட்டாங்குச்சி விரல் நுனியில் தட்டுப்பட்டது. வழவழவென்று பாசி.

அவள் அதைத் தூக்கவில்லை.

மீன் தொட்டியின் மேல் பாலித்தீன் பை மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் ஓர் ஆண் மீன், சுண்டுவிரல் நீளம். கிரிபென்சிஸ் என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளின் இனம். இது பிறந்தது செங்குன்றம் பக்கத்துப் பண்ணை ஒன்றில்.

கீழே, கொட்டாங்குச்சியின் வாசலில், பெண் மீன். வயிற்றில் பீட்ரூட் சாறு பட்டதுபோன்ற சிவப்பு. அது அவள் விரலை முட்டியது. மறுபடி முட்டியது.

பள்ளி வேன் நான்கு பத்துக்கு வரும். இப்போது மூன்று ஐம்பது.

முன்பிருந்த ஆண் மீனைக் கொன்றது அவள்தான்.

கொல்ல நினைக்கவில்லை. சுத்தம் செய்தாள். கற்களைத் தேய்த்துக் கழுவினாள். பழுப்பேறிய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நேராக ஊற்றினாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இரண்டாம் மனைவியாக வந்த மூன்று மாதத்தில், அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் வேலை.

சாயங்காலம் ஆண் மீன் பக்கவாட்டில் மிதந்தது. குளோரின் என்று பிறகுதான் தெரிந்தது. மற்ற மீன்கள் எப்படியோ பிழைத்தன.

கணவரின் மகள் சம்யுக்தா அழவில்லை. ஒன்பது வயது. மீனை வலையில் எடுத்துச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தாள். கை கழுவினாள். அதோடு இவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பதினோரு நாள் ஆகிறது.

"அந்த ஜோடி அவளும் அவ அம்மாவும் போய் வாங்கினது," என்று மட்டும் கணவர் சொன்னார். அந்த அம்மா இறந்து ஒன்றரை வருடம்.

இன்று காலை கொளத்தூர் போனாள். ஆறு வண்ண மீன் கடைகள் ஏறி இறங்கினாள். ஏழாவது கடையில் கடைக்காரர் தஸ்தகீர் பாய் வலையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"இன்னாம்மா, மாப்ள பாக்க வந்த மாரி இம்மாம் நேரம் பாக்குற?"

வீட்டில் பெண் மீன் தனியாக இருப்பதைச் சொன்னாள். கூட இருக்கும் டெட்ரா மீன்களை அது சீண்டுவதில்லை என்பதையும் சொன்னாள்.

"மேல ஓடுறதத் தொடாது. தரை அதோடது. அங்க புதுசா ஒண்ணு வந்தா கிழிச்சிடும்." வாலில் மஞ்சள் ஓரமிட்ட ஒன்றை வளைத்துப் பிடித்தார். "கல்லு, செடி, உள்ள இன்னா இருக்குதோ அல்லாத்தையும் எடம் மாத்திடு. பழசுக்கும் அது புது வூடா தெரியணும். அப்பதான் ரெண்டும் ஒண்ணா கெடக்கும்."

கற்களை மாற்றிவிட்டாள். செடிகளையும்.

கொட்டாங்குச்சி மட்டும் இடது மூலையில் இருந்தது.

மீன் நுழைய அதன் விளிம்பில் ஒரு வாசல் அறுத்திருந்தார்கள். கோணல் வாசல். ஒரு பக்கம் அழுத்தமான, நேரான வெட்டு. மறுபக்கம் வழுக்கி வழுக்கிப் போன, சின்னக் கையின் கீறல்கள்.

கையை வெளியே எடுத்தாள்.

பையைப் பிரித்துச் சாய்த்தாள்.

பெண் மீன் வந்த வேகத்தை அவள் பார்க்கவில்லை. மஞ்சள் துணுக்கு ஒன்று நீரில் தனியாக மிதந்ததைத்தான் பார்த்தாள். ஆண் மீன் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. அங்கும் பெண் மீன் விடவில்லை.

வேன் ஹாரன். படிகளில் ஷூ சத்தம்.

சம்யுக்தா புத்தகப்பையைக் கழற்றாமல் தொட்டி முன் வந்து நின்றாள். இடம் மாறிய கற்களைப் பார்த்தாள். கிழிந்த வாலைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சீருடையின் கை நனைய நனைய, கொட்டாங்குச்சியைத் தூக்கி எடுத்தாள்.

"புதுசு வந்தா இது இங்க இருக்கக் கூடாது. அம்மா சொல்லிருக்காங்க."

வலது மூலையில் வைப்பாள் என்று அவள் காத்திருந்தாள்.

சம்யுக்தா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. பிறகு தாழ்ப்பாள்.

பெண் மீன் இடது மூலைக்குத் திரும்பி வந்தது. சுற்றியது. மணலை முகர்வதுபோல் தாழ்ந்து இன்னொரு முறை சுற்றியது. பிறகு ஃபில்டர் பக்கம் போய், ஆண் மீனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கிழிக்கவில்லை.

கூடத்தில் நீர்ச்சொட்டுகள் அந்த அறைக் கதவு வரை கோடாகப் போயிருந்தன.

துடைக்கத் துணி எடுத்தாள்.

எடுத்த இடத்திலேயே வைத்தாள்.