மேசை மறுத்த அன்னாசிக் கேசரி

கையை வைத்தால் உடம்பைப் படித்து, ஒத்துக்கொள்வதை மட்டும் தரும் மேசைகள் ஓட்டல்களுக்கு வந்த பிறகும், கோகிலவாணியும் சபாபதியும் ஞாயிறு காலை டிபனுக்கு சிங்காநல்லூர் ஓட்டலுக்குத்தான் போனார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், வீட்டில் இருவர்தான்.

இன்று மேசை அவளுக்கு நெய்ப் பொங்கல் தந்தது, வடை தந்தது. அன்னாசிக் கேசரிக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சர்க்கரை வந்துருச்சா?" சபாபதி பயந்துபோனான்.

பரிமாற வந்த நூர்ஜஹான் விளக்கைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சர்க்கரை இல்லீங்கண்ணா! மாசமா இருக்கறவங்களுக்கு மட்டுந்தானுங்க இது அன்னாசி தராது!"

சபாபதி சாம்பார்க் கிண்ணத்தோடு எழுந்து நின்று, ஓட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் கேசரி சொன்னான்.

கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, எனக்கு இன்னும் ரெண்டு வடை சொல்லுங்க."